முனைக் குழாயை மூடிவிடலாமா? எங்கள் தெருவின் தண்ணீர் வாதம்

புளியமரத்தடி வாத்தியார்:

தெருவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் பேசியும் முடிவுக்கு வராத செய்தியை, அன்று வர இயலாதவர்களும் அறியும்படி இங்கே எழுதி வைக்கிறேன். தெரு முனையில் உள்ள பொது ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோய்ப் பத்து நாளாகிறது. வீட்டுக்கு முந்நூறு ரூபாய் பிரித்து அதற்குக் காயில் கட்டிவிடலாம் என்று ஒரு தரப்பினர் சொன்னார்கள். இதையே சாக்காக வைத்துக் கிணற்றை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று நான் சொன்னேன். என் தரப்பில் அன்று நான் ஒருவன் மட்டுமே இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளில் பணியாற்றியவன். அந்த வகுப்புகளில் பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். பல்லின் மேல் முதலில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை படரும். பிறகு அது பழுப்பாகிவிடும். தேய்த்தால் போகாத அந்தக் கறையைப் பார்த்து, ‘பல் துலக்காமல் ஏன் வந்தாய்’ என்று பிள்ளைகளைக் கண்டித்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். அது அவர்கள் குடித்த நீரிலிருந்த புளோரைடின் வேலை என்று பின்னாளில் தெரிந்துகொண்டபோது, கண்டிக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்குத் திருமணமே ஆகியிருந்தது.

ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் தருமபுரி மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் பல ஊர்களின் நிலத்தடி நீர் அந்த எல்லையைத் தாண்டியதால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ‘புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற சொற்கள் உள்ளன. புளோரைடு மிகுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் நோய்தான் புளோரோசிஸ். காவிரி நம் வீட்டுக் குழாய் வரை வந்த பிறகும், அது வராத நாளில் முனைக் குழாயில் குடத்தை வைக்கிறோம். குழாய் இருக்கும் வரை கை அங்கேதான் போகும். ஆகவே மூடிவிடுவோம் என்கிறேன்.

முனைவீட்டு இட்லிக்கடை:

ஆசிரியர் ஐயா என்னை மன்னிக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனையாக இது எனக்குத் தெரிகிறது. பதினான்கு ஆண்டுகளாக அந்தக் குழாய்க்கு எதிரில்தான் கடை வைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு நான்கே விசிலில் குழைந்துவிடும். சோப்பு நன்றாக நுரைக்கும். சாம்பார் அண்டாவின் அடியில் வெள்ளைப் படிவு என்ற பேச்சே கிடையாது. பக்கத்துத் தெருக் கிணற்று நீரில் பருப்பு வேகாமல் கல்லாகக் கிடப்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கெட்ட தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் வேற்றுமை தெரியாமலா இத்தனை காலம் அடுப்படியில் நின்றேன்?

நம் கிணற்று நீரை இதுவரை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதை ஐயாவே ஞாயிற்றுக்கிழமை ஒப்புக்கொண்டார். பென்னாகரத்துப் பிள்ளையின் பல்லைக் காட்டி நம் தெருக் கிணற்றுக்குத் தண்டனை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? போன ஆண்டு பெரிய குழாய் உடைந்து எட்டு நாள் காவிரி நீர் வராதபோது நாற்பது வீட்டுக்கும் கை கொடுத்தது அந்தக் கிணறுதான். அந்த எட்டு நாளுக்குள் தெருவில் ஒரு இழவு விழுந்தது. வந்தவர்கள் தலை முழுகிவிட்டுப் போவதற்கு எங்கே போயிருப்போம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழாய் வேலைக்காரர்:

கிணற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அதைத் தோண்டியபோது 350 அடியில் தண்ணீர் கிடைத்தது. வறட்சியில் அது வற்றிய பிறகு 700 அடிக்கு இறக்கினோம். மேலே சிறிது மண், அதற்குக் கீழே கடைசி வரை பாறை. இப்போது நாம் இறைப்பது பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்த தண்ணீர். பருப்பு வேகிறதா என்பது என் தொழிலுக்குள் வராது.

புளியமரத்தடி வாத்தியார்:

இட்லிக்கடை அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சோதிக்காமல் தீர்ப்புச் சொன்னது என் தவறுதான். ஆனால் அவர் நல்ல நீருக்குச் சான்றாகச் சொன்ன அடையாளங்களைப் படித்தபோதுதான் என் கவலை இரு மடங்கானது என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

பருப்பு வேகாததற்கும் சோப்பு நுரைக்காததற்கும் காரணம் நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், மற்றும் மக்னீசியம். புளோரைடோ, நம் பகுதியின் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து நீரில் கரைந்து வருகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்து, எளிதில் கரையாத உப்பாக்கிப் பாறையிலேயே தங்க வைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடாவின் தன்மை மிகுந்த மென்மையான நீரில் புளோரைடைத் தடுக்க ஆள் இல்லாததால் அது தாராளமாகக் கரைந்து நிற்கும். பருப்புக் குழைவதும், சோப்பு நுரைப்பதும், அண்டாவில் படிவு இல்லாததும் அத்தகைய நீருக்கும் உரிய குணங்கள்தாம். குழாய் வேலைக்காரத் தம்பி சொன்னது போல அது பாறைக்குள் நெடுநாள் கிடந்த நீராகவும் இருந்தால் ஐயம் இன்னும் கூடுகிறது. நாக்குக்கு இதமாக இருக்கிறது என்பதை வைத்து நாம் ஏமாறக் கூடாது; புளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இந்த அளவில் சுவையும் இல்லை.

இவை அடையாளங்கள் மட்டுமே, நிரூபணம் அல்ல என்பதையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா நாளைக் காலை எனக்கு இட்லி தர மாட்டார்.

மாடிவீட்டுத் தம்பி:

ஓசூரில் பணி முடிந்து பேருந்தில் வரும்போது இதையெல்லாம் படித்தேன். இரு தரப்பினரும் பழைய வழிகளுக்குள்ளேயே நின்று வாதிடுவதாகத் தோன்றுகிறது. முந்நூறு ரூபாய்க்குப் பதிலாக வீட்டுக்கு நான்காயிரம் போட்டால், நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஒரு சிறிய ஆர்.ஓ. நிலையத்தைக் கிணற்றின் மேலேயே அமைத்துவிடலாம். காசு போட்டால் ஒரு குடம் தண்ணீர் வரும் இயந்திரத்தைப் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். ஆர்.ஓ. முறை புளோரைடை நீக்கும் என்பதில் ஐயமில்லை. கிணறும் பிழைக்கும், பல்லும் பிழைக்கும், கேன் தண்ணீருக்குக் கொடுக்கும் பணமும் மிஞ்சும். மேலும், என்னிடம் உள்ள, நீரின் உப்பை அளக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். கருவியை வைத்துப் பார்த்ததில், மோட்டார் ஓடிய நாட்களில் நம் கிணற்று நீர் 480 காட்டியது. 500 வரை ஏற்கத்தக்கது என்று தர நிர்ணயமே சொல்வதால், வாத்தியார் ஐயா அஞ்சும் அளவுக்கு நீர் மோசமில்லை என்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் வீட்டு மருமகள்:

தம்பி, அந்தப் பேனா நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தைத்தான் மதிப்பிட்டுச் சொல்லுமே தவிர, அதில் எது எவ்வளவு என்று சொல்லாது. லிட்டருக்கு 480 மில்லிகிராமில் 3 மில்லிகிராம் புளோரைடு இருந்தாலும் அது 480தான், இல்லாவிட்டாலும் 480தான். சேலத்தில் ஆய்வகப் பணியில் இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன், பெருமைக்காக அல்ல.

ஆர்.ஓ. நிலையத்தில் எனக்கு வேறு ஒரு தடையும் தெரிகிறது. நல்ல நீர் ஒரு குடம் வரும்போது, ஏறத்தாழ அதே அளவோ அதற்கு மேலோ கழிவு நீர் வெளியேறும். வீட்டுக் கருவிகளில் கழிவு இன்னும் அதிகம். நீக்கப்பட்ட புளோரைடு முழுவதும் செறிந்து நிற்பது அந்தக் கழிவில்தான். நம் தெருவில் சாக்கடை முழுமையாக இல்லாததால், அது பால்காரர் வீட்டுப் பின்புறப் பள்ளத்தில் தேங்கும். வடிகட்டிச் சவ்வை மாற்ற ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் இத்தகைய அறைகளை, பேருந்தின் சன்னலிலிருந்து தம்பியே பார்த்திருப்பார்.

இவற்றைவிட முதன்மையாக நான் சொல்ல வந்தது சமையலைப் பற்றி. எல்லோரும் ‘குடிநீர், குடிநீர்’ என்றே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். அவளுக்குக் குடிக்கக் காவிரி நீரைத் தனிக் குடத்தில் வைத்துவிட்டு, அவளுக்கான கஞ்சியை முனைக் குழாய் நீரில் காய்ச்சிக்கொண்டிருந்த மூடத்தனத்தை மூன்று மாதம் நானே செய்தேன். களிக்கு ஒரு கிண்ணம் மாவுக்கு இரண்டு கிண்ணத்துக்கு மேல் தண்ணீர் வைக்கிறோம். அதில் ஆவியாகப் போவது கொஞ்சம், மற்றதெல்லாம் உருண்டைக்குள்தான் இருக்கிறது. சோறு, குழம்பு, இரசம், தேநீர் எல்லாம் அப்படியே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் வற்றவற்ற அது செறியும். நிலைத்த பற்கள் உள்ளே உருவாகும் காலம் ஏறக்குறைய எட்டு வயது வரை என்பதால், அதற்குள் ஏற்படும் கறை பின்னால் நீங்காது. பெரியவர்கள் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் அளவுக்கு மீறி உட்கொண்டால் எலும்பிலும் மூட்டிலும் அது தங்கும்.

முனைவீட்டு இட்லிக்கடை:

மருமகள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். தினமும் என் கடையில் உண்பவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேராவது இருப்பார்கள். அதை நான் தட்டிக் கழிக்க முடியாது.

ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆசிரியர் ஐயா வீட்டில் ஐயாயிரம் லிட்டர் தரைத் தொட்டி இருக்கிறது. காவிரி நீர் மூன்று நாளுக்கு ஒரு முறை வந்தாலும் ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்தாலும் அவருக்குக் கவலையில்லை. வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒன்பது குடும்பங்களுக்கு ஒரே குழாய், ஆளுக்கு நான்கு பிளாஸ்டிக் குடம். துணி, பாத்திரம், குளியல், கழிப்பறை எல்லாவற்றுக்கும் அவர்கள் நம்புவது அந்தக் கிணற்றைத்தான். தொட்டி உள்ளவர் கிணற்றை மூடச் சொல்வது எளிது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஐயா அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒரு ஐயமும் உண்டு. பற்பசையிலேயே புளோரைடு சேர்க்கிறார்களே, அது பல்லுக்கு நல்லது என்று விளம்பரமும் வருகிறதே, அது எப்படி?

பால்காரர்:

என் வீட்டுப் பின்புறத்தை முன்வைத்துப் பேசியதால் நானும் எழுதுகிறேன். அங்கே எந்தக் கழிவு நீரும் வரக் கூடாது. மாட்டுக்கும் இந்த நோய் வரும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். பல் தேயும், கால் விறைக்கும். ஆனால் இரண்டு மாட்டுக்கும் ஒரு கன்றுக்கும் நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் காவிரி நீரை யார் கொடுப்பார்கள்? குழாய் வேண்டும். அவ்வளவே.

புளியமரத்தடி வாத்தியார்:

பற்பசையைப் பற்றி முதலில். புளோரைடு சிறிய அளவில் பல்லுக்கு உறுதி தருவது உண்மை. பற்பசை பல்லின் மேல் பட்டு, பிறகு துப்பப்படுகிறது. தண்ணீரோ நாள் முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. சிறு குழந்தைகள் பற்பசையை விழுங்கிவிடுவதால்தான் அவர்களுக்கு மிகக் கொஞ்சமாக வைக்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது தொட்டியைப் பற்றி. இட்லிக்கடை அம்மாவின் வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். வரிசை வீட்டுக்குத் தேர்தல் காலத்தில் பெயர் சரிபார்க்கப் போயிருக்கிறேன். உள்ளே எத்தனை குடம் இருக்கிறது என்று எண்ணியதில்லை. மூட வேண்டும் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால், குழாயை முன்போலவே ஓட விட்டுவிட்டு ‘யாரும் குடிக்காதீர்கள்’ என்று வாயால் சொல்லும் ஏற்பாட்டுக்கு நான் உடன்பட மாட்டேன். அவசரத்தில் கை அங்கேதான் போகும் என்று சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு இரண்டு குடம் போதும். மூன்று நாள் இடைவெளிக்கு ஆறு குடம். வரிசை வீட்டு ஒன்பது குடும்பங்களுக்கும் சேர்த்தால் ஐம்பத்து நான்கு குடம். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் 810 லிட்டர். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வரிசை வீட்டு வாசலில் வைத்து, காவிரி வரும் நாளில் முதலில் அதை நிரப்பிவிட்டால், இப்போது முனைக் குழாயில் குடிநீர் பிடிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இராது. தொட்டிக்கான செலவில் பாதியை நான் தருகிறேன். தொட்டியுள்ளவன் என்ற பட்டத்துக்கு அது அபராதமாக இருக்கட்டும்.

மூன்றாம் வீட்டு மருமகள்:

நல்ல யோசனை. ஆனால் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். பல்லைக் காக்கப் போய் டெங்குக் கொசுவை வளர்க்கக் கூடாது. தொட்டியை மாதம் இரு முறை கழுவுவது யார் பொறுப்பு என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். ‘தெருவே பார்த்துக்கொள்ளும்’ என்று விட்ட எதையும் இந்தத் தெரு பார்த்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

மாடிவீட்டுத் தம்பி:

டி.டி.எஸ். கருவியைப் பற்றி அக்கா சொன்னதை ஏற்கிறேன். எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கியதால் அதற்குச் சற்றுக் கூடுதலான மரியாதை கொடுத்துவிட்டேன். ஆயினும் ஆர்.ஓ. யோசனையை முழுவதும் கைவிடவில்லை. காவிரியில் நீர் குறையும் கோடையிலும், வெள்ளம் வந்து கலங்கும் காலத்திலும், மின்தடையிலும் ஒகேனக்கல் நீர் தடைபடும். இங்கிருந்து பார்த்தால் ஒகேனக்கல் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சுத்திகரித்த நீரை மலைமேல் ஏற்றித்தான் நமக்கும் ஓசூர் வரைக்கும் அனுப்புகிறார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நமக்கு வறட்சிதான். அந்த எட்டு நாளுக்கு எந்த மாற்று ஏற்பாடும் இல்லாத திட்டம் பாதித் திட்டமே.

குழாய் வேலைக்காரர்:

மாற்று ஏற்பாடு வானத்தில் இருக்கிறது. 2003லேயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது கட்டிய தொட்டிகளில் பாதி இன்று மண் அடைத்துக் கிடக்கின்றன. சிலவற்றின் மேல் வாழை நிற்கிறது. நம் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவது எழுபத்தெட்டாயிரம் லிட்டருக்கு மேல். சிதறல் போக அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நீரை வடிகட்டி, கிணற்றருகில் குழி வெட்டிப் பூமிக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் நீரின் செறிவும் மெல்லக் குறையும். ஒரே மழையில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. குழி வெட்டக் கூலி வேண்டாம், சாப்பாடு போடுங்கள்.

முனைவீட்டு இட்லிக்கடை:

சாப்பாடு என் பொறுப்பு. இன்றிலிருந்து மாவு ஊற வைப்பதும், சட்னியும், சாம்பாரும் காவிரி நீரில்தான்; பாத்திரம் கழுவ மட்டும் கிணற்று நீர். இதை ஆசிரியர் ஐயாவிடம் தோற்றதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடுவதில்லை என்ற என் கட்சிதான் வென்றிருக்கிறது.

என் மாமியார் ஒரு செய்தியைச் சொல்லச் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தவர்கள் மூன்று வேளையும் களியும் புளிச்சாறும் உண்டு உறுதியாக இருந்தார்கள், இந்த நோய் எங்கே இருந்தது என்று கேட்கிறார்.

புளியமரத்தடி வாத்தியார்:

மாமியாரின் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடலில் புளோரைடு உறிஞ்சப்படுவது குறையும். புளியைப் பற்றியும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களிடம் ஆய்வு செய்து, புளி உண்டபோது சிறுநீரில் வெளியேறிய புளோரைடு கூடியதாக 2002இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் குடித்தது நாற்பது அடித் திறந்த கிணற்று நீர்; நாம் குடிப்பது எழுநூறு அடி நீர். களியைத் தொடரலாம்; ஆனால் அதை நம்பித் தண்ணீரை மறந்துவிட முடியாது.

பால்காரர்:

பேச்சு நீண்டுவிட்டது. மோட்டாருக்குக் காயில் கட்டுவதா இல்லையா?

மூன்றாம் வீட்டு மருமகள்:

கட்டலாம். கட்டிய அன்றே நீர் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துவிடுவோம். சோதனை முடிவு 1 மில்லிகிராமுக்குள் வந்தால் முனைக் குழாயை நானே மஞ்சள் குங்குமம் வைத்துத் திறந்து வைக்கிறேன். அதற்கு மேல் வந்தால் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் அடித்து, ‘குடிக்கவும் சமைக்கவும் ஆகாது’ என்று பெரிய எழுத்தில் எழுதிவிட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்புப் புரியும்.

மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைச் சற்று நேரம் ஓட விட வேண்டும். கண்ணாடிப் புட்டி வேண்டாம்; புளோரைடுக்குப் பிளாஸ்டிக் புட்டிதான் ஏற்றது. ஒரு லிட்டர் பிடிக்கும் சுத்தமான புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும்.

முனைவீட்டு இட்லிக்கடை:

புட்டி என்னிடம் இருக்கிறது. நல்லெண்ணெய் வந்த புட்டி, ஆகுமா?

மூன்றாம் வீட்டு மருமகள்:

ஆகாது அக்கா. புதியதாக ஒன்றை நானே வாங்கி வருகிறேன். தாங்கள் குழாயடியில் நின்று பிடித்துக் கொடுத்தால் போதும். பிறகு வாத்தியார் ஐயா எதையோ கலந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.